ரெண்டு நாளில் திருநெல்வேலி: சொந்தம் முறியாமல் போய்வர ஒரு வழிகாட்டி

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் ரயில் ஏறி, சனி ஞாயிறு திருநெல்வேலியில் சொந்தக்காரர்களை எல்லாம் பார்த்து, ஆச்சி கையால் சாப்பிட்டு, திங்கட்கிழமை காலை குளித்துவிட்டு ஆபீஸ் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்கு சரிதான். அதில் சேராமல் விட்டுப்போனவர்கள்தான் பிரச்சினை. பாளையங்கோட்டையில் ஒருவர், பேட்டையில் ஒருவர், வண்ணார்பேட்டையில் ஒரே தெருவில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர். இவர்களை எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது, எங்கே சாப்பிட்டதாகச் சொல்லக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

முதல் வேலை டிக்கெட். 2024 நவம்பர் 1 முதல் ரயில்வே முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டது. சொந்தக்காரர்களைப் பார்க்கும் ஆசை நாலு மாதம் தாங்காது என்று யாரோ அனுபவஸ்தர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். இந்த 60 நாள் கணக்கின்படி, வெள்ளிக்கிழமை வண்டிக்கு முன்பதிவு திறப்பது ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வண்டிக்குத் திறப்பது புதன்கிழமை. ஆபத்து இந்த இரண்டு நாள் இடைவெளியில் இருக்கிறது. திங்கட்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் நாலு பெர்த் கிடைத்த சந்தோஷத்தில் உங்கள் மனைவி தன் அக்காவிடம் சொல்வார். அக்கா அம்மாவிடம் சொல்வார். செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பாளையங்கோட்டையில் மாவு அரைப்பது வரை திட்டம் போய்விடும். புதன்கிழமை காலை திரும்பும் வண்டியில் வெயிட்டிங் லிஸ்ட் மூன்று இலக்கத்தில் வரும். அப்போது பயணத்தைக் கைவிடும் உரிமை உங்களிடம் இருக்காது. ஆகவே திரும்பும் டிக்கெட் உறுதியாகும்வரை போகும் டிக்கெட்டைப் பற்றி வீட்டுக்குள்ளேயே பேச வேண்டாம்.

தட்கலை நம்புகிறவர்கள் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு ஏசிக்கும் 11 மணிக்கு ஸ்லீப்பருக்கும் போனோடு உட்கார வேண்டும். 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்ப்பும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் நீங்கள்தான் என்று அரசாங்கம் ஒத்துக்கொள்வதற்குள் வண்டி நிறைந்துவிடும். அப்புறம் பஸ்தான். தெற்கே போகும் பஸ்கள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. வடசென்னையில் குடியிருப்பவர்கள் கிளாம்பாக்கம் போவதையே ஒரு தனிப் பயணமாக எண்ணி, அதற்கும் கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளலாம்.

வந்தே பாரத் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. சென்னையில் மதியம் மூன்று மணிக்குச் சற்று முன்னால் கிளம்பி, எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அரை நாள் லீவு போட வேண்டும் என்பதுகூடப் பெரிதில்லை. ராத்திரி பத்தரைக்கு மேல் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினால், உங்களுக்காக அங்கே ஒரு வீடு முழுக்கப் பட்டினி கிடக்கும். டிக்கெட்டோடு வந்த சாப்பாட்டை மதுரை தாண்டுவதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். அதைச் சொல்லவே கூடாது. சொன்னால் "ரயில்ல சாப்பிட்டுட்டு வந்தவிய" என்ற பெயர் அடுத்த கல்யாணம் வரைக்கும் கூடவே வரும். தோசை இரண்டு போட்டால் மூன்றாவது கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். ஆகையால் வந்தே பாரத்தில் கொடுக்கும் தட்டைத் தொடாமல் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடுங்கள்.

இறங்கும் வீடு

யார் வீட்டில் பெட்டியை இறக்குவது என்பதை இடவசதி பார்த்து முடிவு செய்யக் கூடாது. யார் மூத்தவரோ அவர் வீடு. பெரியப்பா இருக்கும்போது, சித்தப்பா வீட்டில் ஏசி இருக்கிறதே என்று அங்கே இறங்கினால், அது ஏசிக்காக என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். வயல் பங்கு விவகாரத்தில் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு விவகாரம் இருப்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். இறங்கிய அன்று தெரிந்துவிடும்.

யாருக்கும் தொந்தரவு வேண்டாம், ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கிக்கொள்வோம் என்று நினைக்கிற நாகரிகமானவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல லாட்ஜுகள் உண்டு. ஒன்றிலும் தங்க வேண்டாம். உங்கள் ஆதார் கார்டை வாங்கிப் பார்க்கும் ரிசப்ஷன் பையன், மதினியின் தங்கை மகனோடு சாப்டர் பள்ளிக்கூடத்தில் படித்தவனாக இருப்பான். நீங்கள் லிப்டில் ஏறும்போதே பெரியம்மா போன் செய்து, "எங்க வீட்ல பாய் இல்லைன்னு யாரு சொன்னா?" என்பார். இதற்கு இதுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

பதினொரு பேர் இருக்கும் வீட்டில் குளியலறை ஒன்று. நாலரைக்கு எழுந்தவர் குளித்தவர். ஆறு மணிக்கு எழுந்தவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறவர். அப்போது மாமா, "வா, ஆத்துக்குப் போயிட்டு வந்துருவோம்" என்று கூப்பிடுவார். இந்த இரண்டு நாளில் கேள்வி கேட்காமல் உடனே ஒத்துக்கொள்ள வேண்டிய அழைப்பு இது ஒன்றுதான். குறுக்குத்துறையில் காலை நேரத்துத் தாமிரபரணி குளிராக இருக்கும். மாமா வீட்டில் இருக்கும்போது பேச்சு எல்லாம் கிரிக்கெட்டும் மழையும்தான். மார்பளவு தண்ணீரில் நின்று சோப்பு போட்டுக்கொண்டே, இந்தப் பக்கம் திரும்பாமல், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி, டாக்டர் கண்ணைப் பற்றி என்ன சொன்னார், அத்தையிடம் எதைச் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாக வரும். பதிலுக்கு நீங்களும் உங்கள் வேலை போகும்போல் இருப்பதைச் சொல்லிவிடுவீர்கள். கரையேறித் துவட்டியதும் இரண்டு பேரும் மறுபடி மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே வீடு வரலாம். பயணத் திட்டத்தில் இதற்கு நேரம் ஒதுக்கி எழுதிவைக்காதீர்கள். எழுதிவைத்தால் அன்றைக்கு மாமாவுக்குச் சளி பிடித்திருக்கும்.

ஆற்றுப் பக்கத்துப் பேட்டைகளில், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை மாதிரி இடங்களில், காப்பி வருவதற்கு முன்னால் சுவரைக் காட்டுவார்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்ற கோடு. பிரிட்ஜ் மிதந்தது, பீரோவில் பட்டுச்சேலை ஊறியது, பிள்ளைகளை மாடியில் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி கிடந்தது எல்லாவற்றையும் முழுசாகக் கேளுங்கள். உண்மையிலேயே கேட்கவேண்டிய கதை அது. ஆனால் அடுத்த வீட்டுக்குப் போய், "அத்தை வீட்ல இதைவிட ஒரு சாண் மேல வந்துருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெள்ளம் வந்த உயரத்திலும் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வரிசை

போன் மேப்பில் போக வேண்டிய வீடுகளையெல்லாம் புள்ளி வைத்தால் அது சுலபமான ஒரு பாதையைப் போட்டுக் கொடுக்கும். அந்தப் பாதையில் போனால் குடும்பம் உடையும். மேப்புக்குத் தெரியாதவை சில. போன தடவை வந்துபோன பிறகு யார் வீட்டில் சாவு விழுந்ததோ, அந்த வீட்டுக்கு முதலில் போய்த் துக்கம் கேட்டாக வேண்டும். துக்க வீட்டிலிருந்து நேராகப் பிள்ளை பெற்ற வீட்டுக்கோ கல்யாணம் நிச்சயமான வீட்டுக்கோ போகக் கூடாது. நடுவில் இறங்கிய வீட்டுக்கு வந்து, கால் கழுவி, கொஞ்சம் உட்கார்ந்து போக வேண்டும். இரண்டும் பெருமாள்புரத்தில் அடுத்தடுத்த தெருவில் இருந்தாலும், டவுனுக்கு வந்துவிட்டுத் திரும்ப அங்கே போக வேண்டும். ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்கமாட்டார். அவருக்கும் திருநெல்வேலிதான்.

துக்க வீடு முடிந்ததும் மூத்தவர்கள், பிறகு உடம்புக்கு முடியாதவர்கள். கணவன் பக்கம் மூன்று வீடு என்றால் மனைவி பக்கமும் மூன்று. இரண்டே வீடுதான் இருக்கிறதென்றால், ஒரு வீட்டில் இரட்டை நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம். உட்காரும் நேரம் கவனிக்கப்படுகிறது. காப்பி குடித்த டம்ளரைக் கீழே வைத்ததும் எழுந்தால், காப்பிக்காக வந்ததாக ஆகும். "கெளம்புதோம்" என்று சொல்லி எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னும் இருபது நிமிஷம் நின்று பேச வேண்டும். முக்கியமான சங்கதிகள் அங்கேதான் வெளியே வரும். உட்கார்ந்து பேசிய முக்கால் மணி நேரம் சும்மா.

எல்லா வீட்டுக்கும் போக முடியாது. யாரையோ விட்டுத்தான் ஆக வேண்டும். அப்படி விட்டால் தடயம் இருக்கக் கூடாது. வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைப்பதை, திரும்பும் வண்டி கோவில்பட்டி தாண்டும்வரை நிறுத்திவையுங்கள். கல்லூரிக்குப் போகும் மகள் இருந்தால் அவள் போனை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மதியம்

வார இறுதிப் பயணத்தின் மொத்தச் சிக்கலும் ஒரே ஒரு வேளையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பல வீடுகளில் கவிச்சி கிடையாது. சனிக்கிழமையும் சில வீடுகளில் கிடையாது. மிஞ்சுவது ஞாயிறு மதியம். அந்த ஒரு மதியத்தின்மேல் மூன்று வீட்டுக்காரர்கள் உரிமை கொண்டாடுவார்கள். மூன்று பேரும் நாட்டுக்கோழிக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். புரட்டாசியில் போனால் இந்தப் பிரச்சினை அடியோடு இல்லை. ஆனால் அந்த மாதத்தில் போனதற்காக உங்கள் பிள்ளைகள் உங்களை மன்னிக்கமாட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு வீடு, இரண்டரைக்கு இன்னொரு வீடு என்று இரட்டைச் சாப்பாடு போடுவது தைரியசாலிகளின் வழி. முதல் வீட்டில் குறைத்துச் சாப்பிட, "வயிறு சரியில்ல அத்தை" என்று சொல்லலாம் எனச் சிலர் ஆலோசனை தருவார்கள். வேண்டாம். உடனே சுக்கும் ஓமமும் தட்டிப்போட்டு ஒரு கஷாயம் வரும். நீங்கள் அதைக் குடித்து முடிப்பதற்குள் செய்தி இரண்டாவது வீட்டுக்குப் போயிருக்கும். அங்கே இலையில் உங்களுக்கு மட்டும் மிளகு ரசமும் குழைந்த சோறும், பக்கத்து இலையில் மச்சானுக்குக் கோழி.

சைவ வீடாக இருந்து மதினி சொதி வைக்கிறேன் என்று சொன்னால், மற்ற எல்லா வாக்குறுதிகளையும் மீறிவிடலாம். இந்த வழிகாட்டி அதை அனுமதிக்கிறது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் மறுவீட்டு விருந்தில் வைக்கிற குழம்பு அது. தேங்காய்ப் பாலை மூன்று தரம் பிழிய வேண்டும். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ் வெந்து, வெந்த சிறுபருப்பு சேர்ந்து, இரண்டாம் பால் போய், கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றிக் கொதி வருவதற்குள் இறக்கி எலுமிச்சம்பழம் பிழிவார்கள். கூட இஞ்சித் துவையல். அத்தனை தேங்காய்ப் பால் வயிற்றில் போய்க் கலகம் பண்ணாமல் பார்த்துக்கொள்வது இஞ்சியின் வேலை. சாப்பிட்டு முடித்து, "சாயங்காலம் கோயிலுக்குப் போகணும், கொஞ்சம் சாயுதேன்" என்று படுப்பீர்கள். எழுப்பும்போது ஐந்தரை. நெல்லையப்பர் அவசரப்படமாட்டார்.

சொதி எல்லோருக்கும் வாய்க்காது. கறுப்பு உளுந்து, பூண்டு, தேங்காய் எல்லாம் போட்டுப் பொங்கிய உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கிடைத்தாலும் குறை சொல்லாதீர்கள். அன்றைக்கு ஒன்றும் விசேஷமாகச் செய்யவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே அதைப் பரிமாறுவார்கள். நீங்கள் சென்னையில் ஆறு மாதமாக எதை நினைத்துக்கொண்டிருந்தீர்களோ அது அதுதான் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். மறுசோறு கேளுங்கள், போதும்.

பிள்ளைகளைத் தயார் செய்தல்

செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பாடத்தை முடித்துவிட வேண்டும். யார் அத்தை, யார் பெரியம்மா, யார் அப்பாவுக்கு மாமா என்பதால் உனக்குத் தாத்தா, யாரைப் பார்த்தால் விழுந்து கும்பிட வேண்டும். எவ்வளவு படித்தாலும் தேர்வில் வருவது ஒரே கேள்விதான்: "என்னய யாருன்னு தெரியுதா?" பத்து வயசுப் பையன் உண்மை பேசினால் அம்மாவின் வளர்ப்பு குறை. "தெரியும்" என்று சொல்லிச் சிரிக்கப் பழக்குங்கள். அடுத்து "அப்ப சொல்லு, யாரு?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்த இடத்தில் தண்ணீர் கேட்க வேண்டும்.

கிளம்பும்போது பிள்ளைகள் கையில் பணம் திணிப்பார்கள். வேண்டாம் என்று நீங்கள் மூன்று தரம் தடுக்க வேண்டும். இரண்டு தரத்தோடு நிறுத்தினால் ஆசை தெரியும். நான்காவது தரம் தடுத்தால் அவர்களுக்குக் கோபம் வரும். எந்த வீட்டில் எவ்வளவு என்பதை ரயிலில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பிள்ளைகள் சென்னைக்கு வரும்போது அதைவிட ஒரு நோட்டு கூட வர வேண்டும்.

குற்றாலம் போகலாமா?

ஆனி, ஆடியில் சாரல் அடிக்கிறது, அறுபது கிலோமீட்டர்தானே, ஞாயிறு காலை போய் ஐந்தருவியில் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். தென்காசி 2019இல் தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வழியில் இருக்கும் ஆலங்குளத்திலும் பாவூர்சத்திரத்திலும் சொந்தக்காரர்கள் இருப்பது மாறவில்லை. போக வேண்டாம்.

அல்வாவும் அதன் விளைவும்

சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை திறக்கும் நேரத்தில் கூட்டம் நெருக்கியடிக்கும். சம்பா கோதுமைப் பால், சர்க்கரை, நெய், அதோடு தாமிரபரணித் தண்ணீர் என்று ருசிக்குக் காரணம் சொல்வார்கள். இலைத் துண்டில் சூடாக வைத்துக் கொடுப்பதைக் கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டு, பார்சலுக்குக் கிலோக் கணக்கில் சொல்லுங்கள். ஆபீசில் பங்கு கேட்பவர்கள் எண்ணிக்கை நீங்கள் நினைத்ததைவிட எப்போதும் அதிகம்.

அந்தக் கூட்டத்தில் உங்கள் தோளை ஒரு கை தொடும். எந்தப் பெரியப்பாவை இந்தத் தடவை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தீர்களோ அவர். "எப்பய்யா வந்திய?" கேள்வியில் கோபம் இருக்காது. அதுதான் பயம். இந்த நேரத்தில் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே: "நேரா உங்க வீட்டுக்குத்தான் பெரியப்பா வந்துட்டு இருக்கோம், வெறுங்கையோட வரக் கூடாதுன்னு அல்வா வாங்க நின்னோம்." சொன்னதும் அல்வாவில் அரைக் கிலோ போய்விடும், ஒன்றரை மணி நேரமும் போய்விடும். திருநெல்வேலிக்காரருக்கே அல்வா கொடுத்த பெயரும் வரும். அவர் வீட்டில் இரண்டு இட்லி சாப்பிடாமல் வெளியே வர முடியாது. ரயிலுக்கு நாற்பது நிமிஷம் இருக்கிறது என்று சொன்னால், "ஜங்ஷன் பத்து நிமிஷம், நான் கொண்டாந்து விடுதேன்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்து வைத்துக்கொண்டுதான் இட்லியையே பரிமாறச் சொல்வார்.

நீங்கள் சென்னையிலிருந்து என்ன கொண்டுபோனீர்கள் என்பதைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை. ஆப்பிள், ஆரஞ்சு, பெரியவர்களுக்கு ஹார்லிக்ஸ். அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் எந்த வீட்டிலும் திறக்கப்படாமல், இன்னொரு வீட்டின் நலம் விசாரிப்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். தேதி மட்டும் பார்த்து வாங்குங்கள்.

திரும்பும்போது பெட்டி இரண்டு, பை ஏழு. தேங்காய் பதினைந்து, முருங்கைக்காய் ஒரு கட்டு, கூழ்வற்றல், மோர் மிளகாய், இட்லிப் பொடி, உடன்குடிக் கருப்பட்டி, முந்திரிக்கொத்து. இதற்கு மேல் வண்டி கோவில்பட்டியில் நின்றால் கடலைமிட்டாயும் சாத்தூரில் சேவும் வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வாங்கிக் கொடுங்கள். தேங்காயை வேண்டாம் என்று மறுத்து ஜெயித்தவர்கள் இல்லை. "மெட்ராஸ்ல ஒரு காய் என்ன வெலை விக்குது" என்ற கேள்வியோடு விவாதம் முடிந்துவிடும். தாம்பரத்தில் இறங்கும்போதுதான் தேங்காயின் உண்மையான விலை தோளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை ஆபீசிலிருந்து வந்ததும் முதல் காரியமாக எவர்சில்வர் டப்பாக்களைப் பிரித்து வையுங்கள். துவையல் வந்தது ஒன்று, அதிரசம் வந்தது ஒன்று, என்னவென்று தெரியாதது ஒன்று. எந்த டப்பாவையும் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும். கழுவும்போது அடியில் வெட்டியிருக்கும் பெயரைப் படியுங்கள். அத்தை கொடுத்தனுப்பிய டப்பாவில், அத்தையோடு எட்டு வருஷமாகப் பேசாத வண்ணார்பேட்டைச் சித்தியின் பெயர் இருக்கும். நல்ல காலத்தில் எப்போதோ அங்கே போய்த் திரும்பாத டப்பா. இதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று சித்தியிடம் போன் செய்து கேட்காதீர்கள். முதலில் அத்தையிடம் கேளுங்கள். "அது இன்னுமா என்கிட்ட கெடக்கு?" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அடுத்த தடவ வரும்போது எடுத்துட்டு வா. நானே கொண்டுபோய்க் குடுத்துக்கிடுதேன்" என்பார். அதில் போடுவதற்கு நல்ல சர்க்கரையாக வாங்கிவையுங்கள்.